பாதம் தொங்குது: முழங்காலா, இடுப்பா, தண்டுவடமா?

தோட்டக் கிளினிக், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். செம்பனைத் தோட்டத் தொழிலாளி, 46 வயது. உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை, பாதி நாள் குந்தியே இருப்பார். 3 நாளாக வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்று விழுகிறது. இடுப்பு வலி பழையது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் இங்கேயே என்ன பார்க்கலாம்? சுத்தியலும் ஊசியும்தான் இருக்கு.

பிசியோ அக்கா:
பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்க, பாதி விடை அதில்தான். தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் பெரோனியல் நரம்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) கழுத்தைச் சுற்றி வருவது. ரொம்ப நேரம் குந்தினால் அங்கேதான் நசுங்கும். உள்பக்கம் திருப்புவது டிபியல் நரம்பு, ஆனால் அதுக்கும் எல்5 (இடுப்பு முதுகெலும்பின் 5-வது நரம்பு) வேர்தான். அதுவும் பலம் குறைந்தால் சந்தேகம் இடுப்புக்குப் போகும். பாதம் தொங்கும்போதே சோதிக்காதீங்க, நல்ல தசையும் பலவீனமாத் தெரியும்; கையால் 90 டிகிரிக்குத் தூக்கிப் பிடிச்சுட்டுப் பாருங்க.

அடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்க. அதுவும் எல்5, பெரோனியலில் கெடாது. இடுப்பை மடக்கித் தூக்கினால் வேறு தசையால் ஈடுகட்டுறார்னு அர்த்தம்.

ஃபிபுலா கழுத்தில் நரம்பை விரலால் உருட்டியும் பாருங்க. தடித்திருந்தால் தோலில் உணர்ச்சியற்ற தேமல் தேடணும், தொழுநோய் இன்னும் முழுசாப் போகல.

ஓய்வுபெற்ற எச்.ஏ. (மருத்துவமனை உதவியாளர்):
தண்டுவடத்தை மறந்துடாதீங்க தம்பி. இரண்டு முழங்கால் ரிஃப்ளெக்ஸும் (சுத்தியலால் தட்டினால் கால் உதறுவது) ஒப்பிடுங்க. ஊசியைப் பாதத்திலிருந்து வயிறு வரை ஏற்றுங்க. தொப்புளில் உணர்ச்சி மாறினால் டி10 அளவு, அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடம். அப்படியிருந்தால் இடுப்பு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பயனில்லை, தண்டுவடம் எல்1, எல்2 பக்கமே முடிஞ்சுடும். மரத்திலிருந்தோ லாரியிலிருந்தோ விழுந்தவர்னா, ரிஃப்ளெக்ஸ் இல்லைன்னு தண்டுவடத்தை விலக்காதீங்க. முதல் நாட்களில் அப்படித்தான் இருக்கும். சிறுநீர் அடைப்போ ஆசனவாய் சுற்றி மரப்போ இருந்தால் அன்றைக்கே ஆம்புலன்ஸ்.

தோட்டக் கிளினிக்:
நன்றி. பலம் 5-க்கு (5 முழு பலம்): உள்பக்கம் 5, வெளிப்பக்கம் 2, தூக்குவது 1. தொடை விரிப்பது முழு பலம். ஃபிபுலா கழுத்தில் தட்டினால் மேல்பாதம் வரை 'சுர்'ருங்குது, நரம்பு தடிப்பில்லை. பாபின்ஸ்கியில் (உள்ளங்காலைக் கீறும் சோதனை) பெருவிரல் மேலே போகல, தண்டுவடம் சரிதானே?

பிசியோ அக்கா:
வலது காலில் அதை நம்பாதீங்க! பெருவிரலைத் தூக்கும் தசையே இப்போ செயலிழந்து கிடக்கு, எப்படி மேலே போகும்? இடது பாதத்தையும் முழங்கால் ரிஃப்ளெக்ஸையும் வைத்து முடிவு பண்ணுங்க. அதெல்லாம் சரின்னா பெரோனியல்தான். குந்துவதையும் கால்மேல் கால் போடுவதையும் நிறுத்தி, ஸ்பிளிண்ட் கொடுங்க, சர்க்கரை பாருங்க. இ.எம்.ஜி. (தசையின் மின்னோட்டம் பார்க்கும்) ஊசிச் சோதனை 3 வாரத்துக்கு முன் செய்தால் சேதம் சரியாத் தெரியாது.