உச்சிப்புளி பக்கம் 249 கிராம் ட்ரோன் பறக்க விடலாமா?

தெக்குக்கரை:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குத் தெக்கால, கடலோரம். அப்பா முப்பது வருசமா கரைவலை இழுக்குறாரு, இப்ப முட்டி போயிருச்சு, இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கிறேன்னுட்டாரு. அவரு இழுக்குறத மேலருந்து ஒரு தடவ எடுத்து வச்சுக்கணும்னு ரொம்ப ஆசை, ரெண்டு பக்கக் கயிறும் கரைல இருக்க வலை அரைவட்டமா கெடக்குறது மேலருந்து பாத்தாத்தான் தெரியும். அதுக்குன்னே செகண்ட் ஹேண்ட்ல 249 கிராம் ட்ரோன் ஒண்ணு வாங்குனேன். போன வாரம் காலைல ஆறரை இருக்கும், 60 மீட்டர்ல நிப்பாட்டிருக்கேன், கிழக்கருந்து நேவி ஹெலிகாப்டர் கடலை ஒட்டித் தாழ வருது. கை வெலவெலத்துப் போச்சு, கெளம்புன எடத்துக்கே திருப்பிக் கொண்டார ரிட்டர்ன் ஹோம் பட்டன அமுக்குனேன், அது எறங்காம மேல ஏறுது! நல்லவேளை ஹெலிகாப்டர் தள்ளிப் போயிருச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. 250க்குக் கம்மின்னா பெர்மிஷன் வேணாம்னு வித்தவரு சொன்னாரு, ஆப்லயும் வார்னிங் எதுவும் வரல. இது சரிதானா?

ராம்நாடு கேமரா:
தம்பி, மொதல்ல ட்ரோன பெட்டிக்குள்ள வையி. நான் கல்யாண வீடியோ எடுக்குறவன், இந்த 249 கதைய வாரத்துக்கு ஒருத்தர் கேக்குறாங்க. 2021 ட்ரோன் ரூல்ஸ்ல 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு ஓட்டுறவருக்கான ரிமோட் பைலட் சர்டிஃபிகேட் வேணாம், மிஷின் மாடலுக்கான டைப் சர்டிஃபிகேட்டும் வேணாம், அது வரைக்கும் வித்தவரு சொன்னது சரி. ஆனா அது ஆளுக்கும் மிஷினுக்கும் குடுத்த சலுகை, எடத்துக்குக் குடுத்தது இல்ல. ரெட் ஜோன்னா, அதாவது மேப்ல சிவப்பு போட்ட தடை எடம்னா, 50 கிராமா இருந்தாலும் மத்திய அரசு அனுமதி இல்லாம தூக்கக் கூடாது. உங்க ஊருப் பக்கத்துல இருக்குறது ஐஎன்எஸ் பருந்து, கடற்படை விமான தளம். ஹெலிகாப்டர் மட்டுமில்ல, அவங்களோட ஆளில்லா விமானமும் அங்கருந்துதான் கெளம்புது. ஆப்ல வார்னிங் வரலன்னா அது கம்பெனிக்காரன் மேப், நீ பாக்க வேண்டியது அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப். பச்சைன்னா 400 அடி வரைக்கும் அனுமதி கேக்க வேணாம், மஞ்சள்னா கேக்கணும், சிவப்புன்னா மறந்துரு. அதையும் பறக்குற அன்னைக்கே பாரு, விஐபி வர்ற நாள்ல 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிக ரெட் ஜோன் போடலாம்.

வாடைக்காத்து:
மேல இருக்க அண்ணே சொன்னது எல்லாம் சரி, நான் அந்தப் பட்டனப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா உயிர் போற விசயம் அதுதான். ரிட்டர்ன் ஹோம் அமுக்குனா, ட்ரோன் செட்டிங்ல வச்ச உயரத்துக்குக் கீழயும், கெளம்புன எடத்த விட்டுத் தள்ளியும் நின்னுச்சுன்னா மொதல்ல அந்த உயரத்துக்கு ஏறும், அப்புறந்தான் திரும்பும். மரம் கட்டடத்துல முட்டக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். நீ 100 மீட்டர் வச்சிருந்தா 60ல இருந்தது ஹெலிகாப்டர் வர்ற உயரத்துக்கு நேராப் போயிருக்கும். சத்தம் கேட்டா எடது குச்சிய கீழ இழுத்து நின்ன எடத்துலயே எறக்கு, கீழ தண்ணியா இருந்தா தண்ணிலயே போகட்டும். பைலட்டுக்கு உன் ட்ரோன் கண்ணுக்கே தெரியாது தம்பி, சாம்பல் கலர்ல உள்ளங்கை அளவு சாமான், அவரு கடலப் பாத்துக்கிட்டு வர்றாரு. ஆளு இருக்க விமானத்துக்கு வழி விட வேண்டியது நம்மதான், ரூல்லயும் அப்படித்தான் இருக்கு. பின்னாடி இருக்க சின்ன காத்தாடில அடிச்சா உள்ள இருக்குறவங்க கதி என்னன்னு யோசி.

பாம்பன் பாலத்தடி:
என் மச்சான் தனுஷ்கோடில பறக்க விட்டு மாட்டிக்கிட்டான், ட்ரோன வாங்கி வச்சுக்கிட்டாங்க, மூணு மாசம் அலைஞ்சோம். அப்ப எனக்கு ஆத்திரந்தான் வந்துச்சு, பூநாரை வந்துருக்கு அத எடுக்குறதுல என்ன தப்புன்னு. பெறகு யோசிச்சா அவங்க பக்கமும் நாயம் இருக்கு. தனுஷ்கோடி நுனில இருக்க அரிச்சல்முனைலருந்து இலங்கைல இருக்க தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமாருக்குத்தான், எல்லை நடுக் கடல்ல போகுது, நம்ம ஆளுக படகோட சிறைப்பட்டுப் போறது தெனம் பாக்குறோம். 2021 ஜூன்ல ஜம்மு விமானப்படைத் தளத்துல ட்ரோன்ல குண்டு போட்டாங்க, அதுக்கப்புறம் வானத்துல பொட்டு மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அது கரைவலை எடுக்க வந்ததா, குண்டு போட வந்ததான்னு சென்ட்ரில நிக்குற பையனுக்கு எப்படித் தெரியும்? பறவைக்கும் ஆகாது, 2025ல தனுஷ்கோடிய பூநாரை சரணாலயமா அறிவிச்சுட்டாங்க, வனத்துறையக் கேக்காம அங்கிட்டு தூக்காதீங்க. அபராதம் ஒரு லட்சம் வரைக்கும் இருக்கு.

தெக்குக்கரை:
மேப் பாத்தேன் அண்ணே, எங்க கரை சிவப்புலதான் இருக்கு. ரிட்டர்ன் உயரமும் பாத்தேன், 120 மீட்டர் வச்சிருந்துருக்கேன். அதப் பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு. இனிமே இங்க தூக்க மாட்டேன். ஆனா அப்பா வேலைய விட இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு.

ராம்நாடு கேமரா:
மேலருந்து எடுக்குறதுக்கு ட்ரோன்தான் வேணும்னு இல்ல தம்பி. கரைல தென்னை இருக்குல்ல? என்கிட்ட எட்டு மீட்டர் கம்பு இருக்கு, நுனில சின்ன கேமரா மாட்டலாம், போன்ல பாத்துக்கிட்டே திருப்பலாம். தென்னை மட்டைக்கு நடுவுல ஒண்ணு கட்டி விட்டா வலை மொத்தமும் வராது, ஆனா கயிறு இழுக்குறவங்க வரிசையும் மீன் சேர்ற மடி, அதாவது வலையோட பை, கரை ஏறுறதும் முழுசா வரும். வலை இழுக்குறப்பப் பாடுற அம்பா பாட்டு சத்தத்துக்கு மைக்க அப்பா கிட்டக்க வையி, ட்ரோன்ல சத்தம் எங்க வரும்? ஞாயித்துக்கிழமை வலை எறக்குறீங்கன்னா சொல்லு, விடியக்காலைல நானே வண்டில வர்றேன்.

தெக்குக்கரை:
எறக்குறோம் அண்ணே. நாலரைக்கு வள்ளம் போகும், அஞ்சரைக்குள்ள வந்துருங்க.