சுவிட்சின் இன்டர்ஃபேஸுக்குத் ‘துறை’ போதாது: ‘இணைமுகம்’ குறித்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வலையமைப்புத் தன்னியக்கம் (நெட்வொர்க் ஆட்டோமேஷன்) பற்றிய பயிற்சிக் கையேட்டில் ‘இன்டர்ஃபேஸ்’ வரும் இடமெல்லாம் ‘துறை’ என்றே எழுதிவிடலாம் என்று மதுரை நண்பர் முன்மொழிந்திருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பியைச் செருகும் துளைக்கு, அதாவது போர்ட்டுக்கு, ‘துறை’ நல்ல சொல்தான். அரசுத் துறையோடு குழம்புமே என்ற தயக்கம் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இருக்கலாம். இலங்கையில் எங்களுக்கு அது ‘திணைக்களம்’ என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. கருவி வலையமைப்போடு இணையும் முகப்பான இன்டர்ஃபேஸையும் அதே சொல்லுக்குள் அடக்குவதைத்தான் மறுக்கிறேன்.

48 துறைகள் உள்ள ஒரு சுவிட்சில் (பல கருவிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டியில்) இன்டர்ஃபேஸ்களை எண்ணத் தொடங்கினால் கணக்கு 48-இல் நிற்பதில்லை. ஒரு வீலானுக்கு (சுவிட்சுக்குள் பிரித்து அமைக்கும் மெய்நிகர் வலையமைப்புக்கு) ஐபி முகவரி கொடுப்பதற்காக உருவாக்கும் இன்டர்ஃபேஸ், கருவிக்குள்ளேயே மெய்நிகராக இருக்கும் லூப்பேக், பல துறைகளை ஒன்றாகக் கட்டிய போர்ட்-சேனல் ஆகியவை எல்லாம் இன்டர்ஃபேஸ்களே. ஆனால் இவற்றில் எதற்கும் தனக்கென்று ஒரு துளை கிடையாது. தரநிலைகளை எழுதியவர்களும் இந்த வேறுபாட்டைப் பேணியிருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4188 என்ற இணையத் தரநிலை ஆவணம், பிரிட்ஜின் (சுவிட்ச் போன்ற இணைப்புக் கருவியின்) துறை எண்ணை ஒரு புறமும் இன்டர்ஃபேஸ் எண்ணை மறு புறமும் வைத்து, எந்தத் துறைக்கு எந்த இன்டர்ஃபேஸ் என்று பொருத்துவதற்குத் தனியாக ஓர் உருப்படியையே வரையறுக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் அதற்குத் தேவையே இருந்திராது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைத் திருகோணமலையில் நடத்திய ஒரு வகுப்பில் பட்டுத் தெரிந்துகொண்டேன். வலையமைப்பைத் தன்னியக்கமாக அமைக்க உதவும் அன்சிபிள் என்ற மென்பொருளைக் கொண்டு ஐபி முகவரிகளை அமைக்கும் பயிற்சி அது. அந்த மென்பொருளில் ‘மெர்ஜ்டு’ என்ற நிலையைக் கொடுத்தால், நாம் எழுதியது ஏற்கெனவே உள்ள அமைப்போடு சேரும்; ‘ரீப்ளேஸ்டு’ என்றால், பட்டியலில் உள்ளவற்றின் அமைப்பு மட்டும் முழுதாக மாற்றப்படும்; ‘ஓவர்ரிடன்’ என்றாலோ, பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸ்களின் முகவரிகளும் நீக்கப்பட்டுவிடும். நான் தயாரித்த தாளில் “முகவரி உள்ள எல்லாத் துறைகளையும் பட்டியலிடுக” என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி சுவிட்சின் முன்புறத்தைப் பார்த்து, முகவரி உள்ள துறைகளை ஒன்று விடாமல் எழுதி, ‘ஓவர்ரிடன்’ நிலையில் இயக்கினார். நாங்கள் சுவிட்சை அணுகப் பயன்படுத்திய மேலாண்மை முகவரியோ வீலான் 10-இன் இன்டர்ஃபேஸில் இருந்தது. அந்த முகவரி நீங்கிய கணமே தொடர்பு அறுந்தது. பிறகு கொன்சோல் கம்பியைத் தேடி எடுத்து நேரடியாகச் செருகித்தான் மீட்டோம். பிள்ளை தாளில் சொன்னபடிதான் செய்தார். பிழை என் தமிழில் இருந்தது.

அப்படியானால் பழகிய ‘இடைமுகம்’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். பயனர் இடைமுகம், கட்டளை வரி இடைமுகம் என்று அச்சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. “கட்டளை வரி இடைமுகத்தில் நுழைந்து இடைமுகத்தின் இடைமுக எண்ணைப் பார்க்க” என்ற வாக்கியத்தை நானே எழுதி, நானே அடித்தேன். ‘வாயில்’ என்றால் கேட்வேயைக் குறிக்கும் ‘நுழைவாயில்’ குறுக்கே வருகிறது. ‘முனையம்’ டெர்மினலுக்குப் போய்விட்டது. துறையையும் இடைமுகத்தையும் ஒட்டித் ‘துறைமுகம்’ என்று வைத்தால் என்ன என ஒருவர் பகிடியாகக் கேட்டிருந்தார். உலகறிந்த இயற்கைத் துறைமுகம் உள்ள எங்கள் ஊரில், “துறைமுகம் 24 முடக்கப்பட்டது” என்று நள்ளிரவில் ஓர் எச்சரிக்கைச் செய்தி வந்தால் கடற்படை முதல் மீன்வாடி வரை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே ‘இணைமுகம்’ என்பதை முன்வைக்கிறேன். கருவி வலையமைப்போடு இணையும்போது காட்டும் முகம் என்பது பொருள்; அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு துறை இருக்கலாம், பல துறைகள் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வீலான் இணைமுகம், இணைமுகப் பெயர், இணைமுக விவரிப்பு என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. ‘இணை’ என்பதற்குச் சோடி என்றும் பொருள் உண்டு என்ற எதிர்ப்பு வரும் என்று அறிவேன். ‘இணைப்பு’, ‘இணையம்’ ஆகியவற்றை ஏற்றுக்கொண்ட நமக்கு அது பெரிய தடையாகாது என்று நினைக்கிறேன்.

கட்டளைச் சொற்களையும் அன்சிபிளின் நிலைப் பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டாம். தட்டச்சு செய்ய வேண்டியவை உள்ளபடியே நிற்கட்டும். தக்க மறுப்பு வராவிட்டால், கையேட்டின் மூன்றாம் இயலில் ‘துறை’, ‘இணைமுகம்’ இரண்டையும் பிரித்து எழுதிவிடுவேன். லூப்பேக்குக்கு நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. ‘பின்வளையம்’ காதுக்கு ஒட்டவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.