புதுப்பிப்பு: பிப்ரவரியில் போர்ச்சுகல் தென்மேற்குக் கரை, மோட்டார் ஹோமில் இரவு எங்கே தங்குவது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மில்ஃபோண்டஸிலிருந்து சாக்ரெஸ் வரை போகிறோம், சீசன் இல்லாத நேரத்தில் மோட்டார் ஹோமை, அதாவது உள்ளேயே தூங்கும் வசதியுள்ள வண்டியை, இரவு எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருந்தேன். பாறை விளிம்பு பார்க்கிங்கில் தூங்காதீர்கள், அந்தக் கரை இயற்கைப் பூங்கா, 2021 சட்டப்படி அங்கே அனுமதித்த இடம் தவிர வேறெங்கு இரவு தங்கினாலும் அபராதம், முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டு, இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாம்களுக்குப் போங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. சில முகாம்கள் குளிர்காலத்துக்கு மூடியிருந்தன. திறந்திருந்தவற்றில் இடம் தாராளம், தண்ணீர் நிரப்புவது, கழிவறைத் தொட்டியைக் காலி செய்வது எல்லாம் அங்கேயே முடிந்தது. எதிர்பாராதது ஈரம். குளிர் பெரிதாக இல்லை, ஆனால் காலையில் ஜன்னலின் உள்பக்கமெல்லாம் நீர் வழிந்தது, கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கிய பிறகுதான் குறைந்தது. அப்புறம், அந்தக் கரையில் உள்ள காபோ சார்டாவோ முனையில் கட்டாயம் நிறுத்துங்கள்: கடலுக்குள் நிற்கும் பாறை உச்சிகளில் வெண்நாரைகள் கூடு கட்டுகின்றன, நாங்கள் போனபோதே வந்திருந்தன.