உடல் பருமன் வரைபடம்: உயர்வு 24 விழுக்காடா, 2.9 விழுக்காடா?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், 5 முதல் 17 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளின் உடல் பருமன் குறித்து ஒரு பட்டை வரைபடம் காட்டினார்கள். தேசிய சுகாதார ஆய்வின்படி 2015இல் 11.9 விழுக்காடு, 2019இல் 14.8 விழுக்காடு. ஆனால் இரண்டாவது பட்டை முதலாவதைவிட இரண்டரை மடங்கு உயரமாக நின்றது. கீழே "24 விழுக்காடு உயர்வு" என்றும் எழுதியிருந்தார்கள். உயர்ந்தது 2.9தானே என்று ஒரு தந்தை கேட்டார். அதே 2019 ஆய்வில் 29.8 என்றோர் எண்ணையும் நான் படித்திருக்கிறேன். இவற்றுள் எது சரி? கிளினிக்கில் என் மகனுக்கு 90ஆவது பெர்சன்டைல் என்றார்கள். உடம்பில் அவ்வளவு கொழுப்பா என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தைப்பிங்

வணக்கம் அம்மா. 24, 2.9 ஆகிய இரண்டும் சரியே. 14.8இலிருந்து 11.9ஐக் கழித்தால் கிடைப்பது 2.9 விழுக்காட்டுப் புள்ளி. அதாவது நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ மூவர் கூடுதலாக அந்த வகையில் சேர்ந்திருக்கிறார்கள். அந்த 2.9ஐப் பழைய 11.9ஆல் வகுத்தால் 24 விழுக்காடு வரும். எதனோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் 24 என்று மட்டும் எழுதினால், நூற்றில் 24 பேர் கூடிவிட்டதாகவே மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பட்டையின் உயரத்துக்குக் காரணம், செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்காமல் 10இல் தொடங்கியிருப்பதாக இருக்கலாம். அப்படி வரைந்தால் கண்ணுக்குத் தெரிவது 1.9உம் 4.8உம் மட்டுமே, ஆகவே இரண்டரை மடங்கு. பட்டை வரைபடத்தில் நீளமே அளவைச் சொல்வதால், அடியை வெட்டுவது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. அதற்காக உயர்வு பொய் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நான்கே ஆண்டுகளில் நூற்றுக்கு மூவர் கூடுவது கவலைக்குரியதுதான்.

ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரிபவர், ஈப்போ

29.8 என்பது இரு பிரிவுகளின் கூட்டுத்தொகை: அதிக எடை 15.0, உடல் பருமன் 14.8. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், 5 முதல் 19 வயதினரின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு) அவ்வயதின் நடுநிலை அளவைவிட ஒரு திட்ட விலக்கத்துக்கு (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) மேல் போனால் அதிக எடை, இரண்டுக்கு மேல் போனால் உடல் பருமன். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த எல்லைகள் முறையே இரண்டும் மூன்றும் ஆகும். ஆகவே இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முன், வயதும் எல்லையும் ஒன்றா என்று பாருங்கள்.

பெர்சன்டைல் கொழுப்பின் அளவன்று, வரிசையில் உள்ள இடம். 90ஆவது என்றால், ஒப்பீட்டுக்கு எடுத்த அதே வயதுச் சிறுவர் நூறு பேரில் சுமார் 90 பேர் உங்கள் மகனுக்குக் கீழே இருந்தார்கள் என்று பொருள். அந்த ஒப்பீட்டுக் குழு பழையது: பரவலாகப் பயன்படும் அமெரிக்க வளர்ச்சி அட்டைகள் 1963 முதல் 1994 வரை திரட்டிய அளவுகளால் ஆனவை. அதனால்தான் இன்று 95ஆவது கோட்டுக்கு மேல் ஐந்து விழுக்காட்டினருக்கும் அதிகமானோர் இருக்க முடிகிறது. உங்கள் மகனுக்குச் சொன்னது பி.எம்.ஐ. அட்டையா, எடை அட்டையா என்று கேளுங்கள் சகோதரி. எடை அட்டை என்றால், உயரமான பிள்ளை இயல்பாகவே மேலே வருவான். பி.எம்.ஐ. என்றால், அந்த அட்டையின்படி 85க்கும் 95க்கும் இடைப்பட்டது அதிக எடை. உடல் பருமன் அன்று.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், சுங்கை சிப்புட்

மிக்க நன்றி. அடுத்த கூட்டத்தில் எங்கள் பள்ளியின் செகாக் சோதனை (பி.எம்.ஐ.யும் அளக்கும் மாணவர் உடல் தகுதிச் சோதனை) முடிவுகளையும் விழுக்காடாகக் காட்டப் போகிறார்களாம். தோட்டப்புறப் பள்ளி என்பதால் மாணவர்கள் குறைவு. அதை எப்படிப் படிப்பது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தைப்பிங்

செகாக் நான்காம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே அது முழுப் பள்ளியின் நிலை ஆகாது. சோதனைக்கு உட்பட்டவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம்: ஒரு பிள்ளை மாறினாலே 2.5 விழுக்காட்டுப் புள்ளி ஏறும் அல்லது இறங்கும். நாடு நான்கு ஆண்டுகளில் கண்ட மாற்றத்தை, ஆறாம் ஆண்டு முடித்து ஒரே ஒரு மாணவர் வெளியேறுவதே கிட்டத்தட்ட உண்டாக்கிவிடும். எனவே விழுக்காட்டின் பக்கத்தில் "40இல் இத்தனை பேர்" என்ற எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். ஓராண்டை மட்டும் பார்க்காமல் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கட்டும். அவ்வளவு சிறிய பள்ளியில் வகுப்புவாரியாகப் பிரித்தால் எந்தப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் காட்ட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா.