த்ரீ நாட் த்ரீ தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

கல்லூரி என்.சி.சி.யில் த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியைத் தோளில் சுமந்து அணிவகுத்ததோடு சரி, அதன் உள்விவரம் யாரும் சொல்லித் தரவில்லை. போன வாரம் ஒரு அருங்காட்சியகத்தில் அதே வகையைச் சேர்ந்த லீ என்ஃபீல்ட் மார்க் 3 ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததிலிருந்து பழைய ஆர்வம் திரும்பிவிட்டது.

முதல் சந்தேகம். ஜெர்மன் மௌசர் 98 துப்பாக்கியில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) தூக்கும்போதே, தோட்டாவைத் தட்டும் ஊசியின் ஸ்பிரிங் இறுகிவிடும், இதிலோ முன்னால் தள்ளி மூடும்போதுதான் இறுகும். முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய்கள் 300 கஜ தூர இலக்கில் நிமிடத்துக்கு 15 தோட்டா சுடப் பழகினார்களே, அந்த வேகத்துக்கு இதுதான் காரணமா, இல்லை போல்ட்டின் கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே வளைந்து இருப்பதா?

அடுத்தது மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி. 10 தோட்டா கொள்ளும், ஐந்தைந்தாகக் கிளிப்பில் மேலிருந்து அழுத்துவார்கள் என்று தெரியும். தோட்டாவின் அடியில் விளிம்பு இருப்பதால் ஒன்றின் விளிம்பு மற்றதன் பின்னால் மாட்டி, போல்ட் சிக்கிக்கொள்ளுமாமே, கிளிப்பில் அடுக்கும்போதே இதை எப்படிக் கவனித்தார்கள்?

அப்புறம் இன்னொன்று. நான் பார்த்ததில் மேகசினை மறைக்கும் தகடு (ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டு, உள்ளே இருப்பதைச் சேமித்து வைக்கத்தான் அது) இல்லை, ஆனால் அதற்கான பிளவு மட்டும் இருந்தது. போர்க்காலத்தில் எளிமையாக்கிய மார்க் 3 ஸ்டார் வகையா, பிறகு கழற்றினார்களா, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலோ காவல்துறை ஆயுதக் கிடங்கிலோ வேலை பார்த்த அண்ணன்மார் யாராவது இருந்தால் விரிவாகவே எழுதுங்கள். வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை, உரிமமும் கிடையாது, வெறும் ஆர்வம்தான்.