வேண்டுதல் பலிக்கவில்லை, முடிந்து வைத்த காசை என்ன செய்வது?

கும்பகோணத்து அக்கா:

தம்பி போய் ஏழு மாதம் ஆகிறது. வயது 34. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தான். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா வைத்த இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவது போல் குறுகுறுவென்று அதிரும். அம்மா காலையில் எழுந்ததும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள். அது அதிர்ந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

நோய் தெரிந்த அன்றே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் 11 ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மயிலாடுதுறையில் பஸ் மாறிப் போய்வந்ததற்குக் கணக்கே இல்லை. குளத்தில் வெல்லம் கரைப்போம். உப்பும் மிளகும் கொட்டுவோம். உப்பைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிள்ளைக்காகப் பொட்டலம் பொட்டலமாக உப்பு! அர்ச்சனைத் தட்டில் திரும்பி வரும் வாழைப்பழத்தைக்கூட அவன் வாயில் வைக்க முடியாது, பொட்டாசியம் ஏறிவிடும். பஸ்ஸிலேயே நான் தின்று தீர்த்துவிடுவேன்.

இப்போது அம்மா, சாமி கடன் வீட்டில் தங்கக்கூடாது, செலுத்திவிட வேண்டும் என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குணமாக்காத வைத்தியனுக்கு எதற்குக் கட்டணம்? சாமியே இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொல்ல முடிந்தால் இவ்வளவு எரிச்சல் இருக்காது. விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். அந்த முடிச்சை என்ன செய்வது? இந்தக் கோபத்தோடு சந்நிதியில் போய் நிற்கலாமா?

சேலம் வாசகர்:

அம்மா, உண்டியலில் போட்டுவிடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பக்கத்துச் சிவன் கோயிலே போதும். எல்லாம் முன்வினைப் பயன். அவருக்கு விதித்தது அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்து அக்கா:

உண்டியல் யோசனைக்கு நன்றி. முன்வினையைத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது பதினாறு வயதுப் பெண். அவளிடம் போய் இதைச் சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகளே, கோபத்தோடு நிற்கலாமா என்று கேட்டீர்கள். தேவாரம் பாடிய சுந்தரர் நின்றார். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாரிடம் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவர் பேரில்தான். தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டால், உள்ளிருந்து வந்த பதில் 'உளோம், போகீர்'. கூடவே ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் வந்தது. மீதிக் கண்ணுக்காகத் திருவாரூரில் அவர் பாடியதை விண்ணப்பம் என்றா சொல்வது? ஏச்சு! 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று' முகம் வாடிய அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் வாளா இருப்பீர், 'வாழ்ந்து போதீரே' என்கிறார். தெருச் சண்டையில் கிழவிகள் "நீயாவது நன்றாக இரு" என்பார்களே, அந்தத் தொனி. ஏழாம் திருமுறையில் 95-ஆவது பதிகம். ஓதுவார்கள் அதைச் சந்நிதியில் நின்றே பாடுகிறார்கள்; யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

கும்பகோணத்து அக்கா:

சுந்தரருக்குக் கண் கிடைத்துவிட்டது ஐயா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆமாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனைவி போன பிறகு எனக்கும் வெண்பாக்கத்துப் பதில்தான் கிடைத்தது. கோலை ஊன்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன்.

நாகப்பட்டினத்துப் பெண்:

நான் கத்தோலிக்கப் பெண், நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், என் தங்கையைக் கடல் கொண்டுபோனது. அம்மா பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் பாடும்போது வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பார். இரண்டு வருடம் அப்படியே. பங்குச் சாமியார் பாடு என்று சொல்லவில்லை. ஒரு நாள் பைபிளில் திருப்பாடல் 88-ஐ எடுத்துக் கையில் கொடுத்தார். அதில் கடைசி வரி வரை புலம்பல்தான், முடிவில்கூட ஆறுதல் கிடையாது. அம்மா படித்துவிட்டு, "இதை எப்படி உள்ளே சேர்த்தார்கள்?" என்று கேட்டார். அதன் பிறகு அது ஒன்றை மட்டும் முணுமுணுப்பார். போங்கள் அக்கா. பூ வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

கும்பகோணத்து அக்கா:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுந்தரர் கதை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தங்கச்சியைப் பறிகொடுத்த பெண்ணின் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கச் சொன்னாள்.

முடிச்சு இறுகிப்போய் நகத்துக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. துணியோடு அப்படியே உண்டியலில் போட்டுவிடலாம் என்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை போகிறோம். கூட வருகிறேன், ஆனால் உப்பு வாங்க மாட்டேன் என்று சொன்னேன். சரி என்றாள்.