மஸ்ட், மைட், குட் ஹாவ்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு வாக்கியம் (அனுபவப் பகிர்வு)

மாடிப்படி

அப்பாவோட நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட் சாயங்காலமே கைக்கு வந்துடுச்சு. டாக்டரைப் பார்க்கிறது மறுநாள்தான். அதுல ஒரு வரி: ‘மேலிக்னன்சி கேன்னாட் பி எக்ஸ்க்ளூடட்’, அதாவது புற்றுநோயை விலக்க முடியாது. அக்கா அந்த வரி மேல வச்ச விரலை எடுக்கவே இல்லை. “விலக்க முடியாதுன்னா, இருக்குன்னுதானேடா அர்த்தம்?”னு கேட்டா. “இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியலைன்னு அர்த்தம்க்கா”ன்னேன். “ரெண்டும் ஒண்ணுதான்”னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அடுத்த அறையில அப்பா தூங்கிட்டிருந்தார்.

டாக்டர் அதே பக்கத்துல மேல இருந்த இன்னொரு வரியைக் காட்டினார்: ‘மோஸ்ட் லைக்லி இன்ஃபெக்டிவ்’. பெரும்பாலும் தொற்றுதான். ‘கேன்னாட் பி எக்ஸ்க்ளூடட்’ங்கிறது வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற வரியே இல்லை, படத்தை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாதுன்னு சொல்ற வரின்னார். தொற்றுதான், மருந்துல சரியாயிடுச்சு. ஆனா அந்த ரெண்டு வரியையும் ஒரே வாக்கியமா எழுதியிருந்தா அக்கா அந்த ராத்திரி தூங்கியிருப்பா.

நடுவழி

மாடிப்படி, உங்க அக்கா அழுததைப் படிச்சதும் எனக்கு எங்க சித்தி ஞாபகம்தான். வேற நாட்டுல தம்பிக்கு விபத்து. அந்தப் பக்கம் நர்ஸ், நடுவுல போன்ல ஒரு மொழிபெயர்ப்பாளர், இந்தப் பக்கம் நாங்க எல்லாரும். ஸ்பீக்கர்ல நர்ஸ் குரல் எனக்கு நல்லாவே கேட்டது: ‘ஹி குட் ஹாவ் டைட்’. மொழிபெயர்ப்பாளர் சொன்னது: “இறந்திருக்கலாம்.”

சித்தி அப்படியே சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. நான் போனைப் பிடுங்கி “சித்தி, அப்படி இல்லை, உயிர் போயிருக்கும், தப்பிச்சுட்டான்னு சொல்றாங்க”ன்னு கத்தினேன். அவங்க காதுல ஏறவே நேரமாச்சு.

‘குட் ஹாவ்’ ரெண்டு வேலை செய்யுது. நடந்ததா இல்லையான்னு தெரியாதப்பவும் வரும், நடக்க இருந்து நடக்காமப் போனப்பவும் வரும். ‘மே ஹாவ் டைட்’னு நர்ஸ் சொல்லியிருந்தா, உயிரோட இருக்கானான்னு அவங்களுக்கே தெரியாதுன்னு எடுத்துக்கலாம். அவங்க அப்படிச் சொல்லலை.

கரும்பலகை

நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு மாணவன், “அப்பா இந்நேரம் வந்திருக்க வேண்டும், இதை எப்படி எழுதுவது டீச்சர், மஸ்ட் ஹாவா, ஷுட் ஹாவா?” என்று கேட்டான். “அப்பா வந்துவிட்டாரா?” என்று திருப்பிக் கேட்டேன். “தெரியலை டீச்சர், அவர் போனை எடுக்கலை” என்றான். கேள்வி பாடத்திலிருந்து வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவன் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டார் என்று ஊகித்தால் ‘மஸ்ட் ஹாவ் கம்’. வர வேண்டிய நேரம் கடந்தும் காணோம் என்றால் ‘ஷுட் ஹாவ் கம் பை நௌ’. நம் ‘வந்திருக்க வேண்டும்’ இரண்டையும் தாங்குகிறது. வகுப்பில் நான் மஸ்ட் 95 சதவீதம், ஷுட் 80, மே 50, மைட் 30 என்று அட்டவணை போட்டுத்தான் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு அது பிடிமானமாக இருக்கிறது.

எதிர்க்கரை

டீச்சர், அந்த அட்டவணையை நான் ஏற்கவில்லை. மே, மைட் இரண்டுக்கும் நடுவே வித்தியாசமே பார்க்காமல் பேசும் ஆங்கிலேயர் ஏராளம். இருபது சதவீதம் எங்கிருந்து வந்தது?

எங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் ‘வீ வில் ப்ராபப்ளி ஃபினிஷ்’ என்றார். தலைவர், “எத்தனை சதவீதம் என்று எல்லோரும் ஒரு தாளில் எழுதுங்கள்” என்றார். சொன்னவர் எழுதியது 60. அதை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் எழுதியது 95. இருவரும் தாளை மாற்றிப் பார்த்துக்கொண்ட அந்த நொடி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இது பழைய சிக்கல். 1951இல் அமெரிக்க உளவுத் துறையின் ஓர் அறிக்கை, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’ (கணிசமான வாய்ப்பு) என்று குறித்தது. அதில் பங்கெடுத்த ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது 65க்கு 35, அதாவது நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35. உடன் இருந்தவர்களைக் கேட்டபோது ஒரு முனையில் 20க்கு 80, மறு முனையில் 80க்கு 20. ஒரே சொற்றொடருக்கு எல்லோரும் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள்! 1964இல் அவர் எழுதிய கட்டுரையில் ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’ என்றால் 93ஐ ஒட்டி, ‘ப்ராபபிள்’ என்றால் 75ஐ ஒட்டி என்று வரையறுத்தார். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் அறிக்கைகளிலும் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்குக் குறையாது, ‘வெரி லைக்லி’ என்றால் 90க்குக் குறையாது. அங்கெல்லாம் முதலில் கூடி முடிவு செய்துகொண்டுதான் எண்ணைப் பொருத்துகிறார்கள். இலக்கணமாக அது சொல்லுக்குள் இல்லை.

கரும்பலகை

ஒப்புக்கொண்ட எண் என்று சொல்லித்தான் நானும் நடத்துகிறேன். ஏணியே காட்டாமல் குழந்தையை எப்படி ஏற்றுவது?

பழையபேனா

எனக்கு நடந்தது சின்ன விஷயம். நேர்காணலில் ஒரு பையன் ‘ஹி மஸ்ட்நாட் பி தி மேனேஜர்’ என்றான். கேட்டவர், “ஏன், யார் தடுத்தது?” என்றார். பையன் விழித்தான்.

இளையவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ‘அவர் மேலாளராக இருக்கவே முடியாது’ என்ற ஊகத்துக்குக் ‘கான்ட் பி’. ‘மஸ்ட்நாட்’ பெரும்பாலும் தடைதான். கடந்த காலமானால் ‘கான்ட் ஹாவ்’, ‘குடன்ட் ஹாவ்’. அடுத்து, நாளை மழை வரலாம் என்பதற்குக் ‘கேன்’ போடாதீர்கள். ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ என்று யாரும் சொல்வதில்லை, மே, மைட், குட் மூன்றில் ஒன்று. பொதுவாக இப்படியும் நடப்பதுண்டு என்றால்தான் கேன்: ‘விண்டர்ஸ் கேன் பி ஹார்ஷ்’. ‘லைக்லி டு வின்’ சரி, ‘ப்ராபபிள் டு வின்’ கிடையாது. எதிர்பார்ப்பைச் சொல்லும் ‘ஷுட்’ நல்லதற்கே இயல்பாக வரும். ‘ஷி ஷுட் பாஸ்’ எனலாம், ‘ஷி ஷுட் ஃபெயில்’ என்றால் தோற்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவதாக ஆகிவிடும். கதவு தட்டும் சத்தம் கேட்டு, ‘தட் வில் பி தி போஸ்ட்மேன்’ என்பார்கள். அந்த ‘வில்’ எதிர்காலம் அல்ல. ‘இது தபால்காரராகத்தான் இருக்கும்’ என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம். இன்னொன்று, ‘மே பாஸிப்ளி பெர்ஹாப்ஸ்’ என்று அடுக்கினால் பணிவு என்று பலர் நினைக்கிறார்கள்...

நடுவழி

ஐயா, கோபிக்காதீங்க. இங்க யாரும் பாடம் கேட்கலை. அந்தப் பையனுக்கு வேலை கிடைச்சுதா?

பழையபேனா

கிடைத்தது.

மாத்திரைப்பெட்டி

மருந்துக் கடையில இருக்கேன். ஒரு அம்மா மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்தாங்க. தாள்ல ‘மே காஸ் டிஸ்ஸினஸ்’னு இருந்துச்சாம், “தலைசுத்தல் வரும்னு போட்டிருக்கே”ன்னாங்க. ஐரோப்பிய மருந்துத் தாள்கள்ல ‘காமன்’னா 100 பேர்ல 1 முதல் 10 பேருக்கு வரை, ‘அன்காமன்’னா 1,000 பேர்ல 1 முதல் 10 பேருக்கு வரைன்னு வரையறை உண்டு. அந்தத் தாள்ல தலைசுத்தல் ‘அன்காமன்’ பட்டியல்ல இருந்தது. எண்ணைக் காட்டினேன். “அப்ப வரும்தானே?”ன்னாங்க.

அதனால எதிர்க்கரை சார், எண் போட்டுட்டா சிக்கல் தீர்ந்துடும்னு எனக்குத் தோணலை. “வந்தாலும் வரலாம்மா, பெரும்பாலும் வராது. வந்தா டாக்டருக்கு போன் பண்ணுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க”ன்னு சொன்னப்புறம்தான் மாத்திரையைப் பைக்குள்ள வச்சாங்க. தாள்ல ‘மே’ வர்ற இடத்துல எல்லாம் இப்ப நான் அந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் சொல்றேன்.